சுண்ணாம்பு கலந்த கழிவுநீர்க் கசடு: தென்னைக்கும் ஏத்தன் வாழைக்கும் போடலாமா?

விளைக்காரி (திருவட்டாறு) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நேரில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

திருவட்டாறு பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக விளை இருக்கிறது. மேல்தட்டில் தென்னை, தென்னைக்கு இடையில் சேனையும் சேம்பும். கீழ்த்தட்டில் ஏத்தன் (நேந்திரன்) வாழை, ஓரத்தில் வீட்டுச் செலவுக்கு மரச்சீனி (மரவள்ளி). சரள் கலந்த செம்மண். கோடையில் மண் பரிசோதனைக்குக் கொடுத்தேன். பி.எச் 4.9 என்று வந்தது, 7க்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு புளிப்பாம். அங்ககக் கரிமம் குறைவு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு, சாம்பல்சத்து (பொட்டாஷ்) குறைவு. புல் மட்டும்தான் குறைவில்லாமல் வளர்கிறது.

இப்போது ஒரு டிப்பர்காரர் வந்து பேசுகிறார். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடாம், அதில் சுண்ணாம்பு சேர்த்துப் பக்குவம் செய்ததாம். "வெளிநாட்டில் எல்லாம் இதைத்தான் வயலுக்குப் போடுகிறார்கள், உரமும் ஆச்சு, மண்ணின் புளிப்பும் போச்சு" என்கிறார். சரக்குக்குக் காசு கிடையாது, வண்டிக் கூலி மட்டும் கொடுத்தால் போதும்.

பக்கத்து விளையில் ஏற்கெனவே ஒரு லோடு தட்டியிருக்கிறார். போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறம். புட்டுக்கு நனைத்த மாவு போல உதிரி ஈரம், இடையிடையே சுண்டைக்காய் அளவில் வெள்ளைக் கட்டிகள். கிட்டப் போனால் கண் கரிக்கிறது, மூக்கில் ஏறுகிறது. குச்சியால் கிளறினால் உள்ளே கறுப்பாக, இன்னும் வழவழவென்று இருக்கிறது. ஒரு ஷாம்பு பாக்கெட்டின் மூலையும் வந்தது.

அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள், "அதைத் தென்னை மூட்டில் போட்டால் அந்தத் தேங்காயை நான் துருவ மாட்டேன்." சித்தப்பாவோ, சும்மா வருவதை விடாதே, இடவப்பாதி மழை தொடங்குமுன் ரெண்டு லோடு தட்டிவிடு, மழையில் தானாக இறங்கிவிடும் என்கிறார்.

இதில் உண்மையிலேயே சத்து இருக்கிறதா? சுண்ணாம்பு போட்டால் கிருமி எல்லாம் செத்துவிடுமா? எந்தப் பயிருக்குப் போடலாம், எதற்குக் கூடாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பயமுறுத்தவும் வேண்டாம், ஏத்திவிடவும் வேண்டாம்.


ரப்பர்பால் (குலசேகரம்) சொன்னது:

உங்கள் விளையில் ரப்பர் இல்லை என்றாலும் இதைப் படிக்கிற ரப்பர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் புளிப்பு மண்ணில் வளரப் பிறந்த மரம். பி.எச் 4.5, 5 எல்லாம் அதற்கு இயல்பு. சுண்ணாம்பு கலந்த எதையும் தோட்டத்தில் தாராளமாகத் தட்டாதீர்கள். கிராம்பு, அன்னாசி வைத்திருப்பவர்களும் அப்படித்தான். டிப்பர்காரர் எங்கள் பக்கமும் வந்தார். மரத்துக்கு என்ன வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

தென்னை, வாழை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


பழைய பிளான்ட் ஆள் (தக்கலை) சொன்னது:

தங்கச்சி, நான் ஊருக்கு வந்து விவசாயம் பார்ப்பதற்கு முன் வளைகுடாவில் ஒரு கழிவுநீர் நிலையத்தின் ஆய்வகத்தில் இருந்தவன். கசடுக்குச் சுண்ணாம்பு போடுவதும், போட்டது சரியாக வேலை செய்ததா என்று பார்ப்பதும்தான் எனக்குப் பிழைப்பாக இருந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் குவியலைப் பற்றி. "வெள்ளைக் கட்டி, உள்ளே கறுப்பு, வழவழப்பு" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. சுண்ணாம்பு ஒவ்வொரு துளிக் கசடையும் தொட்டால்தான் வேலை செய்யும். நிலையத்தில் இதற்கென்று தனிக் கலவை இயந்திரம் உண்டு. பிழிந்த கசடு ஒரு பக்கம் வரும், சுட்ட சுண்ணாம்புத் தூள் இன்னொரு பக்கம் வரும், இரண்டையும் துடுப்புகள் பிசைந்து தள்ளும். கசடில் இருக்கிற தண்ணீரைச் சுண்ணாம்பு குடித்துச் சூடாகும், ஆவி கிளம்பும், அம்மோனியா நெடியில் நிற்க முடியாது. வெளியே வருவது ஒரே சாம்பல் நிறமாக, உடைத்துப் பார்த்தாலும் உள்ளும் புறமும் ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் பார்த்தது மண்வெட்டியாலோ ஜேசிபியாலோ மேலாகப் புரட்டிய சரக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. வெள்ளைக் கட்டி என்றால் அந்தச் சுண்ணாம்பு இன்னும் எதையும் தொடவில்லை. கறுப்பு என்றால் அந்த இடத்துக் கிருமிக்கு ஒரு கேடும் வரவில்லை.

கண் கரித்தது அம்மோனியா. அது உங்கள் வாழைக்கு வர வேண்டிய தழைச்சத்துதான் (நைட்ரஜன்). பி.எச் 12க்குப் போனால் தழைச்சத்தில் ஒரு பங்கு இப்படிக் காற்றில் போய்விடும். அதனால்தான் சுண்ணாம்பு போட்ட கசடில் தழைச்சத்து மற்றக் கசடைவிடக் குறைவாக இருக்கும்.

இனி, கிருமி சாகுமா என்ற கேள்வி. இதற்கு ஆளுக்கு ஆள் கருத்துச் சொல்ல வேண்டியதில்லை, அளந்து பார்க்க வழி இருக்கிறது. எங்கள் மேசையில் இருந்தது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993இல் கொண்டுவந்த விதி, 503ஆம் பகுதி என்பார்கள். அதில் இரண்டு தரம் உண்டு.

பி தரத்துக்கு, சுண்ணாம்பு கலந்து 2 மணி நேரம் கழித்தும் பி.எச் 12க்குக் குறையாமல் நிற்க வேண்டும். ஈயும் நாற்றமும் வராமல் இருக்க, மேற்கொண்டு சுண்ணாம்பு சேர்க்காமலேயே அடுத்த 22 மணி நேரமும் 11.5க்குக் கீழே இறங்கக் கூடாது. ஏ தரம் இன்னும் கடுமை. 72 மணி நேரம் பி.எச் 12க்கு மேல் இருக்க வேண்டும், அந்த நேரத்துக்குள் 12 மணி நேரமாவது சூடு 52 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், பிறகு பாதிக்கு மேல் திடப்பொருள் ஆகும்வரை காற்றில் உலர வேண்டும். சூட்டை ஏன் தனியாகக் கேட்கிறார்கள் என்றால், வயிற்றுப் புழுவின் முட்டைக்காக. பாக்டீரியா பி.எச் ஏறினால் செத்துவிடும். உருண்டைப்புழு முட்டைக்குத் தோல் தடிமன், சுண்ணாம்பு மட்டும் பட்டால் அது எளிதில் சாகாது. மண்ணில் வருஷக்கணக்கில் கிடந்துவிட்டு, பிள்ளைகளின் நகக்கண் வழியாக வயிற்றுக்குப் போகும்.

இந்த பி.எச் அளப்பதில் நம் ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு. விதியில் உள்ள எண்கள் 25 டிகிரிக்கு உரியவை. சுண்ணாம்புத் தண்ணீர் சூடாக இருந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.03 கூட்டிக்கொள்ள வேண்டும். மத்தியானம் 35 டிகிரியில் மீட்டர் 11.8 காட்டினால் அது 12.1, தேறிவிட்டது. குளிரூட்டிய அறைக்குக் கொண்டுபோய் 20 டிகிரியில் அளந்து 12 என்று எழுதினால் அது உண்மையில் 11.85, தேறவில்லை. ஆவி பறக்கிற மாதிரியைப் பிளாஸ்டிக் கோப்பையில் எடுத்துக்கொண்டு, ஆறட்டும் என்று காத்திருக்கும்போதே லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். அந்த அவசரத்தில்தான் தப்புக் கணக்கெல்லாம் எழுதப்படும்.

உங்கள் டிப்பர்காரரிடம் கேட்க வேண்டியது இதுதான்: எந்த நிலையம், எந்தத் தேதிக் கலவை, 2 மணி நேர பி.எச் என்ன, மறுநாள் பி.எச் என்ன, உலோகப் பரிசோதனைக் காகிதம் எங்கே? சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து முறையாக வருகிற சரக்கு என்றால் இவை இருக்கும். செப்டிக் டேங்கில் உறிஞ்சியதைச் சுண்ணாம்பு தூவிக் கொண்டுவந்தால் ஒன்றும் இருக்காது. அந்தக் கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதான் அரசு ஒழுங்கு. உங்கள் விளை அதற்கு இடமல்ல.

சரி, காகிதம் எல்லாம் ஒழுங்காக இருக்கிற நல்ல பி தரச் சரக்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் விளையில் எங்கே போடலாம் என்று பாருங்கள்.

மரச்சீனிக்குக் கூடவே கூடாது. மண்ணுக்குள் விளைகிற பயிருக்கு அந்த விதி கேட்கிற இடைவெளி 20 மாதம். கசடை மேலேயே 4 மாதமாவது கிடக்கவிட்டுப் பிறகு மண்ணில் கலந்தால்தான் அந்தக் கணக்கு. அதற்கு முன்பே கொத்திப் புதைத்துவிட்டால் 38 மாதம். மேலே வெயில் பட்டுக் கிடந்தால் கிருமி சீக்கிரம் சாகும், அதனால் இந்த வித்தியாசம். நாம் மரச்சீனியைப் பத்து மாதத்தில் பிடுங்கிவிடுகிறோம். சேனை, சேம்பு, காய்ச்சில் கிழங்கு எல்லாம் இதே கணக்கில்தான் வரும். ஆக, தென்னைக்குத்தானே போடுகிறோம் என்று நினைத்தால், மூட்டுக்கு அடுத்த சேனைக் குழிக்கும் சேர்த்துத்தான் போடுகிறீர்கள்.

தென்னையிலும் ஒன்று கவனிக்க வேண்டும். உயரத்தில் காய்க்கிற, மண்ணைத் தொடாத பயிருக்கு 30 நாள் போதும். ஆனால் தேங்காய் வெட்டிப் போட்டால் எங்கே விழுகிறது? அதே மூட்டில்தான். அறுவடைப் பொருள் கசடு கலந்த மண்ணைத் தொட்டால் இடைவெளி 14 மாதம் ஆகிவிடும். மாதா மாதம் வெட்டுகிற மரத்துக்கு அது ஆகிற காரியமா? அம்மா துருவ மாட்டேன் என்றது வெறும் அருவருப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

ஏத்தன் வாழைக்குக் குலை மேலே நிற்பதால் 30 நாள் கணக்கு பொருந்தும். ஆனால் அமெரிக்காவில் யாரும் வாழை இலையில் சோறு உண்பதில்லை. நாம் கீழ் இலையை அறுத்துத் துடைத்துப் பந்தியில் போடுகிறோம். மழையில் மண் தெறித்த இலையைக் கழுவிவிட்டால் போதுமா என்று விதி எழுதியவர்களிடம் கேட்டால் அவர்களுக்கே பதில் தெரியாது. பக்கத்தில் ஆடு, மாடு கட்டுகிற இடமிருந்தால் அங்கேயும் 30 நாள் மேய விடக் கூடாது.

நீர்நிலைக்கு 10 மீட்டருக்குள் போடக் கூடாது என்பதும் அந்த விதியில் உண்டு. நம் பக்கத்தில் விளைக்குக் கீழே ஓடையோ குளமோ சானலோ இல்லாத இடம் எங்கே இருக்கிறது? சித்தப்பா சொன்ன மாதிரி இடவப்பாதிக்கு முன் தட்டினால், முதல் பெருமழையில் அது தானாக இறங்கத்தான் செய்யும். எங்கே இறங்கும் என்பதுதான் கேள்வி.


விளைக்காரி (திருவட்டாறு) கேட்டது:

ரொம்ப நன்றி அண்ணே. சேனைக் குழி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

டிப்பர்காரரிடம் ஃபோனில் கேட்டேன். காகிதமா, அதெல்லாம் ஆபீசில் இருக்கும் என்றார். எந்த ஆபீஸ் என்றால், "நீங்க வேண்டாம்னா சொல்லிருங்க, வேற ஆள் ரெடியா இருக்கு" என்று வைத்துவிட்டார்.

அது போகட்டும். ஒருவேளை நாளைக்கு நல்ல சரக்கே காகிதத்தோடு வந்தால் ஏக்கருக்கு எவ்வளவு போடுவது? அதன் சத்தை எப்படிக் கணக்குப் போடுவது? உலோகம் என்கிறீர்களே, அது என்ன அளவுக்குள் இருக்க வேண்டும்?


நாஞ்சில்வயல் (பூதப்பாண்டி) சொன்னது:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபப்படாதீர்கள். ஊரே தின்று கழிப்பதெல்லாம் நம் வயலில் விளைந்ததுதான். நெல்லும் வாழையும் தேங்காயும் டவுனுக்குப் போகிறது, மண்ணிலிருந்த சத்தும் கூடவே போகிறது. திரும்பி ஒன்றும் வருவதில்லை. கடைசியில் அது ஆற்றிலோ கடலிலோ சேர்கிறது. நாமோ மணிச்சத்துக்குக் கப்பலில் வந்த பாறையை மூட்டைக் கணக்கில் வாங்குகிறோம். முறையாகப் பக்குவம் செய்த கசடு வயலுக்கு வர வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். எல்லாவற்றுக்கும் மூக்கைப் பொத்தினால் எப்படி?

கன்னிப்பூ நெல் அறுத்த பிறகு என் வயலில் போடலாம் என்று ஒரு எண்ணம் உண்டு. நெல் சமைத்துத்தானே உண்கிறோம்.


பழைய பிளான்ட் ஆள் (தக்கலை) சொன்னது:

பூதப்பாண்டி அண்ணாச்சி சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம். இந்தக் கசடால் சம்பளம் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவன், நான் எப்படி அதை வெறுப்பேன்? வாஷிங்டன் நகரத்து நிலையமே பல வருஷம் சுண்ணாம்பு போட்ட பி தரச் சரக்கைத்தான் பக்கத்து மாநிலப் பண்ணைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பத்து வருஷத்துக்கு முன்புதான் அழுத்தத்தில் வேகவைத்துச் செரிக்கவைக்கிற முறைக்கு மாறி, ஏ தரமாகத் தருகிறார்கள். அங்கே பெரும்பாலும் தீவனச் சோளத்துக்கும் புல்லுக்கும் போவது. ஒரே பயிர், பரந்த நிலம், இயந்திரம் தூவும், ஆள் கால் படாது. நம் விளை அப்படி இல்லை. ஒரு சென்ட்டில் நாலு பயிர், வெறுங்காலோடு நடமாட்டம், பக்கத்திலேயே குடிக்கிற கிணறு. வயலென்றால் தொழி மிதித்து, நாற்று நட்டு, களை பறிக்கிறவர்களின் கையும் காலும் நாள் முழுதும் அந்தச் சேற்றில்தான். நெல்லைச் சமைத்து உண்பதால் உண்பவருக்குப் பயமில்லை, நடுகிறவருக்கு உண்டு. அங்கே ஏ தரம் இல்லாமல் நான் போட மாட்டேன்.

தங்கச்சி கேட்ட கணக்குக்கு வருகிறேன்.

ஒரு டிப்பர் 10 டன் என்று வைப்போம். பிழிந்த கசடில் திடப்பொருள் கால் பங்குதான் இருக்கும். ஆக 7.5 டன் வெறும் தண்ணீர், அதற்குத்தான் வண்டிக் கூலியில் முக்கால்வாசி. மீதி 2.5 டன் உலர் எடை. சுண்ணாம்பு வலிமையைக் கால்சியம் கார்பனேட் சமானம் என்று சதவீதத்தில் எழுதியிருப்பார்கள். உதாரணத்துக்கு 20 சதவீதம் என்றால், ஒரு லோடில் 500 கிலோ சுண்ணாம்புத் தூளுக்குச் சமமான வலிமை வருகிறது. கடையில் வாங்கினால் 50 கிலோ மூட்டையில் பத்து மூட்டை. இந்த அளவை வைத்துத்தான் எத்தனை லோடு என்று முடிவு செய்ய வேண்டும். சும்மா வருகிறதே என்று ஏக்கருக்கு நாலு லோடு தட்டினால் 2 டன் சுண்ணாம்பு விழுந்தமாதிரி. சரள் மண்ணுக்குத் தாங்கும் சக்தி குறைவு, பி.எச் சட்டென்று அளவுக்கு மேல் ஏறிவிடலாம். அப்புறம் துத்தநாகம், இரும்பு, போரான் எல்லாம் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. தென்னையில் குருத்து விரியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒல்லிக்காயாக விழும். புளிப்பைத் திருத்துவது எளிது, மிஞ்சிப்போன சுண்ணாம்பைத் திரும்ப எடுக்க வழி கிடையாது.

சத்து என்று பார்த்தால் மணிச்சத்து நன்றாக இருக்கும். நம் செம்பொறை மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சுண்ணாம்பு அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தும். அதனால் அந்த ஒரு விஷயத்தில் கசடுக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம். அங்ககப் பொருளும் கிடைக்கும். தழைச்சத்து மெதுவாக வரும், முதல் வருஷத்தில் அங்ககத் தழைச்சத்தில் நாலில் ஒரு பங்கு போலத்தான் பயிருக்கு வெளிப்படும்.

சாம்பல்சத்து இருக்காது. அது தண்ணீரில் கரைகிற சத்து, சுத்திகரித்த தண்ணீரோடு ஓடிவிடும், கசடில் தங்காது. தென்னைக்கும் வாழைக்கும் முதலில் வேண்டியதே அதுதான். காய்க்கிற தென்னை ஒரு மூட்டுக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. கசடை மலை மலையாகத் தட்டினாலும் அந்த 2 கிலோ பொட்டாஷை நீங்கள் கடையில்தான் வாங்க வேண்டும். ஏத்தன் குலைக்கு எடை கொடுப்பதும் பொட்டாஷ்தான். "உரமும் ஆச்சு" என்று டிப்பர்காரர் சொன்னது அரை உண்மை.

உலோகத்துக்கு இந்தியாவில் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கம்போஸ்டுக்கு அளவு இருக்கிறது. கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் காட்மியம் 5, காரீயம் 100, குரோமியம் 50, நிக்கல் 50, செம்பு 300, துத்தநாகம் 1000, ஆர்சனிக் 10, பாதரசம் 0.15. இதை வைத்துப் பாருங்கள். அமெரிக்க விதியில் நல்ல சரக்குக்கே காட்மியம் 39, காரீயம் 300, துத்தநாகம் 2800 வரை விடுகிறார்கள். "வெளிநாட்டுத் தரத்தில் பாஸ்" என்று ஒருவர் காகிதம் நீட்டினால் நம் ஊர்க் கம்போஸ்ட் அளவில் அது ஃபெயில் ஆகலாம். இன்னொன்று, சுண்ணாம்பு சேர்த்தால் எடை கூடும், அதனால் கிலோ கணக்கில் உலோகம் குறைந்த மாதிரி தெரியும். உண்மையில் ஒரு கிராமும் எங்கும் போகவில்லை. பி.எச் ஏறியிருக்கும்வரை உலோகம் மண்ணோடு ஒட்டி நிற்கும். நம் பக்கத்தில் இரண்டு மழைக்காலம், சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டே இருக்கும். சில வருஷத்தில் மண் மறுபடி புளித்தால் காட்மியமும் துத்தநாகமும் மறுபடி வேருக்கு எட்டும். வேறு ஊரில் எழுதிய கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சுண்ணாம்பால் ஆகாத வேறொரு காரியமும் உண்டு. ஒட்டாத பாத்திரப் பூச்சிலும் மழைக்கோட்டிலும் இருக்கிற அழியாத ஃப்ளோரின் ரசாயனங்கள், பி.எஃப்.ஏ.எஸ் என்பார்கள், அவை கசடில் சேரும். அதற்குப் பயந்துதான் அமெரிக்காவில் மேய்ன் மாநிலம் 2022இல் கசடை நிலத்தில் போடுவதையே தடை செய்தது. சுவிட்சர்லாந்து அதற்கும் முன்பே விவசாயத்தில் நிறுத்திவிட்டது. "வெளிநாட்டில் எல்லாம்" என்றால் எந்த நாடு என்று கேளுங்கள்.


ரப்பர்பால் (குலசேகரம்) சொன்னது:

பொட்டாஷ் தண்ணீரோடு போய்விடும் என்பது எனக்குப் புதுச் செய்தி. அப்படியானால் சுத்திகரித்த தண்ணீரைத்தான் தென்னைக்கு விட வேண்டும் போலிருக்கிறது!


பழைய பிளான்ட் ஆள் (தக்கலை) சொன்னது:

சிரிக்கிறீர்கள், ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. பல ஊர்களில் அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுகிறார்கள். அது வேறு பேச்சு, வேறு விதி.


விளைக்காரி (திருவட்டாறு) சொன்னது:

படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு வெற்றிச் சிரிப்பு. சித்தப்பா மட்டும் "அப்போ மண்ணுப் புளிப்புக்கு என்ன வழி, அதைச் சொல்லச் சொல்லு" என்கிறார். அவர் கேட்பதும் சரிதானே. 4.9ஐ அப்படியே விடவும் முடியாது.


நாஞ்சில்வயல் (பூதப்பாண்டி) சொன்னது:

டோலமைட் போடுங்கள், மெக்னீசியமும் சேர்ந்து வரும். தென்னைக்கு அதுவும் வேண்டும், இல்லாவிட்டால் கீழ் ஓலை மஞ்சளாகும். கேரளப் பக்கம் மூட்டுக்கு வருஷம் ஒரு கிலோ சுண்ணாம்பு என்று தென்னைக்குச் சிபாரிசு செய்கிறார்கள், நமக்கும் அதே மண்தான். முன்பெல்லாம் கடற்கரைப் பக்கத்திலிருந்து சிப்பி சுட்ட நீறு வரும். வெற்றிலைக்கும் அதுதான், வெள்ளை அடிக்கவும் அதுதான், வயலுக்கும் அதுதான். இப்போது நீற்றுச் சூளைகள் குறைந்துவிட்டன. கிடைத்தால் அளவைக் குறைத்துப் போடுங்கள், சுட்ட சுண்ணாம்புக்கு வேகம் அதிகம்.

அங்ககப் பொருளுக்குத் தொழு உரம், தழை, தென்னையில் விழுகிற எல்லாமே. மூட்டில் மட்டை அடுக்கி மண் போட்டாலே பாதி வேலை ஆகிவிடும்.


பழைய பிளான்ட் ஆள் (தக்கலை) சொன்னது:

அண்ணாச்சி சொன்னதுதான் என் பதிலும். வேகக் கணக்கு வேண்டுமானால், சுண்ணாம்புக்கல் தூள் 100 என்றால் தண்ணீர் விட்டு நீர்த்த சுண்ணாம்பு 135, சுட்ட சுண்ணாம்பு 179. சிப்பி நீறு நீர்த்ததாக இருந்தால் 100 கிலோ தூளுக்குப் பதில் 75 கிலோ போதும்.

அளவை மண் பரிசோதனைக் காகிதத்தைக் கொண்டுபோய் திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலோ பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பேச்சிப்பாறைதான் கிட்டம். பி.எச் 6ஐத் தொட்டால் போதும், 7க்கு ஆசைப்பட வேண்டாம். ஒரே தடவையாகப் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். மரச்சீனி வரிசையை விட்டுவிடலாம், அது புளிப்பைத் தாங்கும்.

பக்கத்து விளைக் குவியலைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. அது உங்கள் விளைக்கு மேல்தட்டிலா, கீழ்த்தட்டிலா?


விளைக்காரி (திருவட்டாறு) சொன்னது:

மேலேதான் அண்ணே. எங்கள் கிணறு அதற்குக் கீழே.

நேற்று அந்த மாமாவிடம் பேசினேன். அவருக்கும் இப்போது முழித்த மாதிரி இருக்கிறது, ஆனால் தட்டியதைத் திரும்ப எடுக்க டிப்பர்காரர் ஃபோன் எடுப்பதில்லையாம். மழை வருவதற்குள் என்ன செய்யலாம்? ஆட்டை வேறு பக்கம் மாற்றிக் கட்டியாச்சு.


பழைய பிளான்ட் ஆள் (தக்கலை) சொன்னது:

குவியலைப் பரத்த வேண்டாம் என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். பரத்திவிட்டால் அப்புறம் யாராலும் அள்ள முடியாது. கீழ்ப்பக்கம் அரைவட்டமாக மண்ணை வெட்டி வரப்பு போடுங்கள். மேல்பக்கத்திலிருந்து ஓடிவரும் மழைத் தண்ணீர் குவியலைத் தொடாமல் சுற்றிப் போக ஒரு சால் வெட்டுங்கள். தார்ப்பாய் போட்டு ஓரத்தில் கல் வைத்து மூடுங்கள். வேலை செய்கிறவர்கள் கையுறையும் ரப்பர் பூட்சும் போடட்டும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சுட்ட சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் விளையாட்டில்லை, பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்புறம் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தில் ஒரு மனு, வண்டி எண் தெரிந்தால் அதோடு. மாமா பெயரிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அள்ளிக்கொண்டு போகவைப்பதுதான் முடிவான வழி. அதுவரை கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், மழை பெய்த பிறகு ஒரு தடவை பரிசோதனைக்கும் கொடுத்துவிடுங்கள்.


விளைக்காரி (திருவட்டாறு) சொன்னது:

சரி அண்ணே. சால் வெட்ட நாளைக்கு ஆள் சொல்லியாச்சு, சித்தப்பாவே மம்பட்டியோடு வருகிறேன் என்கிறார். மனுவை நான் எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. டோலமைட் போட்டால் யூரியா, சூப்பர் எல்லாம் கூடவே போடலாமா?


பழைய பிளான்ட் ஆள் (தக்கலை) சொன்னது:

கூடவே வேண்டாம். யூரியா சுண்ணாம்போடு சேர்ந்தால் அம்மோனியாவாகப் பறந்துவிடும், அந்தக் குவியல் பக்கம் உங்கள் கண் கரித்ததே, அதுதான். சூப்பரில் இருக்கிற மணிச்சத்தும் சுண்ணாம்போடு சேர்ந்து கட்டிக்கொள்ளும். டோலமைட்டைத் தூவி லேசாகக் கொத்திவிட்டு, ஒரு மழையோ ஒரு நனைப்போ கிடைத்தபின் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு உரம் வையுங்கள். பொட்டாஷை மறக்காதீர்கள்.